குடும்ப வைத்தியரின் அஜாக்கிரதையும் நோயாளியின் நியாயமும்

மாலை ஐந்து மணிக்கு மேல் திறந்து இரவு பத்து மணி வரையில் விளக்கெரியும் ஒரு சிறு கிளினிக், வாசலில் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், டோக்கன் கொடுக்கும் ஒரு பெண், உள்ளே மேஜைக்குப் பின்னால் பல வருஷங்களாக மாறாத ஒரே முகம்: தமிழ்நாட்டின் நடுத்தரக் குடும்பங்கள் 'நம்ம டாக்டர்' என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளும் மனிதரை இந்தச் சூழ்நிலையிலேதான் நாம் காண்கிறோம். பாட்டியின் சர்க்கரையையும் பேரனின் வீசிங்கையும் ஒரே மூச்சில் விசாரித்து, கையில் பணமில்லாத நாளில் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று அனுப்பிவைத்து, கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் அழைக்கப்படுகிற அவரை, அக்குடும்பம் தொழில் செய்யும் ஒருவராகக் கருதுவதில்லை, உறவினராகவே கருதுகிறது. 'கைராசிக்காரர்' என்று நம் ஜனங்கள் சொல்லும்போது, அந்த மனிதரின் படிப்பையும் அனுபவத்தையும் தாண்டிய ஒரு விசுவாசத்தையே வெளியிடுகிறார்கள். ஆகவேதான், பெரிய ஆஸ்பத்திரியின்மேல் வழக்குத் தொடுக்கத் துணியும் ஒருவர்கூட, இருபது வருஷமாகத் தம் வீட்டாரின் நாடியைப் பிடித்துப் பார்த்த டாக்டரின்மேல், அவருடைய அஜாக்கிரதையால் ஓர் உயிரே போயிருந்தாலும், ஒரு கடிதம் எழுதவும் கூசுகிறார்.

இந்தக் கூச்சம் இழிவானதன்று, நன்றியுணர்ச்சியிலிருந்து பிறப்பது. ஆயினும் நியாயம் கேட்பதற்கு உண்மையான தடை அதுவல்ல என்பது என் அபிப்பிராயம். துக்கம் ஆறிய பிறகு கூச்சமும் ஒருநாள் ஆறிவிடலாம். அப்பொழுது நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் வாசலில் போய் நிற்கும் அந்தக் குடும்பத்தாரின் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இராது என்பதுதான் பெரிய சங்கடம். ஆஸ்பத்திரியில் படுத்தவருக்குக் கேஸ் ஷீட் உண்டு, பில் உண்டு, டிஸ்சார்ஜ் சம்மரி உண்டு. கிளினிக்குக்குப் போனவருக்கு என்ன உண்டு? டாக்டரின் மேஜைமேல் திறந்திருக்கும் பெரிய டப்பாக்களிலிருந்து கம்பவுண்டர் எண்ணி எடுத்து, சிறு காகிதத்தில் மடித்து, 'காலையில் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு' என்று பேனாவால் இரண்டு கோடு கிழித்துக் கொடுக்கும் பெயரில்லாத வெள்ளை மாத்திரையும் மஞ்சள் மாத்திரையும் உண்டு. இடுப்பில் போட்ட, இன்னதென்று ஒருவரும் சொல்லாத ஊசி உண்டு. ரசீதில்லாமல் மேஜை டிராயருக்குள் போன ஐம்பதோ நூறோ உண்டு. மாத்திரையை விழுங்கியாயிற்று, காகிதத்தைக் கசக்கி எறிந்தாயிற்று. மூன்று நாள் கழித்து நோயாளி வேறோர் ஆஸ்பத்திரியில் நினைவிழந்து கிடக்கும்போது, 'முன்னால் என்ன மருந்து கொடுத்தார்கள்?' என்று அங்குள்ள டாக்டர் கேட்கிறார். அதற்குச் சொல்லத் தெரியாத பதில், பிற்பாடு வழக்கிலும் சொல்லத் தெரியாத பதிலாகவே நின்றுவிடுகிறது.

சட்டத்தைப் பொறுத்தவரையில், இந்நாட்டு நோயாளி அநாதையல்லர். 1953ஆம் ஆண்டில் கடற்கரையில் விபத்துக்குள்ளாகித் தொடை எலும்பு முறிந்த ஓர் இளைஞனுக்கு, புனா நகரில் மயக்க மருந்து கொடாமலே அளவுக்கு மீறிய பலத்தைப் பிரயோகித்து எலும்பைக் கூட்ட முயன்ற வழக்கில், உச்ச நீதிமன்றம் 1968ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பு, வைத்தியரின் கடமைகளை மூன்றாக வகுத்துக் காட்டிற்று: இந்த நோயாளியைத் தாம் ஏற்கலாமா என்று தீர்மானிப்பதில் ஜாக்கிரதை, என்ன சிகிச்சை செய்வது என்று தீர்மானிப்பதில் ஜாக்கிரதை, அந்தச் சிகிச்சையைச் செய்யும்போது ஜாக்கிரதை. குடும்ப வைத்தியரைப் பற்றி யோசிப்பவருக்கு இம்மூன்றில் முதலாவதே மிகவும் முக்கியமானது. அவர் கத்தி எடுப்பவரல்லர். அவருடைய பிழை பெரும்பாலும் செய்ததில் இராது, செய்யாமல் விட்டதிலேயே இருக்கும். அனுப்பவேண்டிய இடத்துக்கு அனுப்பவேண்டிய நேரத்தில் அனுப்பாமல் தம்மிடமே வைத்துக்கொண்டதில் இருக்கும். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, இடது கை கடுக்கிறது என்று வந்து நிற்க, 'ஒண்ணுமில்லை, கேஸ்தான்' என்று சொல்லி ஓர் ஊசி போட்டு, ஓர் இ.சி.ஜி.கூட எடுக்கச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவது இந்த முதற் கடமையில் தவறியதற்குத் தெளிவான உதாரணம்.

அதற்காக, சிகிச்சை பலிக்காத இடமெல்லாம் அஜாக்கிரதை ஆகிவிடாது. இதை நோயாளியின் பக்கம் நின்று எழுதுகிறவர்கள் அழுத்திச் சொல்வதில்லை; ஆனால் சொல்லியே ஆகவேண்டும். இங்கிலாந்தில் 1957ஆம் ஆண்டு போலம் வழக்கில் வகுக்கப்பட்டு, நம் உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மாத்யூ வழக்கில் ஏற்றுக்கொண்ட அளவுகோலின்படி, அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு வைத்தியர் அந்தச் சந்தர்ப்பத்தில் நியாயமாகச் செய்யக்கூடியதையே இவரும் செய்தாரா என்பதுதான் கேள்வி. முதல் நாள் காய்ச்சலைக் கண்டு அது சாதாரண ஜுரம் என்று எண்ணியவர், நான்காம் நாள் அது டெங்குவாக வெளிப்பட்டதற்காகக் குற்றவாளி ஆகமாட்டார். இரண்டு விதமான சிகிச்சைகளுக்குத் துறையில் இடமிருக்க, ஒன்றைத் தேர்ந்தவர், மற்றொன்று பலித்திருக்குமே என்பதற்காகக் குற்றவாளி ஆகமாட்டார். நான்காம் நாளும் காய்ச்சல் தணியாதிருக்க, ரத்தப் பரிசோதனைக்குச் சொல்லாமல் அதே மாத்திரையைத் திரும்பவும் மடித்துக் கொடுத்தவரின் நிலை வேறு.

குடும்ப வைத்தியரைப் பற்றிய தீர்ப்புகளுள், இந்த வேறுபாட்டை மிகக் கூர்மையாகக் காட்டுவது பம்பாயிலிருந்து வந்து 1996ஆம் ஆண்டு மே மாதம் முடிவான ஒரு வழக்கு. 1992 ஜூலை 4ஆம் தேதி முப்பத்தைந்து வயதுள்ள ஒருவருக்கு ஜுரம் கண்டது. அவருக்குச் சிகிச்சை செய்தவர் ஓமியோபதியில் பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவர். இரண்டு நாள் வைரஸ் ஜுரத்துக்கென்று அலோபதி மருந்து கொடுத்தார். ஜுரம் இறங்காமற்போகவே, பரிசோதனை எதுவும் செய்து நிச்சயப்படுத்திக்கொள்ளாமல், அது டைபாய்டாக இருக்கலாம் என்று மேலும் ஆறு நாள் அதற்குரிய மருந்தைக் கொடுத்தார். நிலைமை முற்றி, 12ஆம் தேதி ஒரு நர்சிங் ஹோமுக்கும், 14ஆம் தேதி நினைவிழந்த நிலையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகப்பட்ட அந்த மனிதர், அங்கே சேர்ந்த நாலரை மணி நேரத்தில் இறந்துபோனார். 'அந்தச் சமயத்தில் எங்கள் வட்டாரத்தில் வைரஸ் ஜுரமும் டைபாய்டும் பரவியிருந்தன' என்பது வைத்தியரின் பதில். நம் தெருமுனைக் கிளினிக்குகளில் 'இப்போ எல்லாருக்கும் இதுதான் ஓடிட்டிருக்கு' என்று நாம் தினமும் கேட்கிற வாக்கியம் அல்லவா இது! தேசிய நுகர்வோர் ஆணையம் விதவையின் புகாரைத் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றமோ, தாம் பயிலாத ஒரு மருத்துவ முறையில் சிகிச்சை செய்பவர் போலி வைத்தியரே என்றும், அதற்குரிய தகுதியில்லாமல் அலோபதி மருந்தைக் கொடுத்ததே தன்னளவில் அஜாக்கிரதை என்றும் சொல்லி, மூன்று லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டது. இந்தத் தீர்ப்பைப் படித்தபின், நம் டாக்டரின் பெயர்ப் பலகையில் உள்ள பட்டத்தை ஒருமுறை நின்று வாசிப்பதை அவமரியாதை என்று யாரும் நினைக்கமாட்டார்கள். பதிவு எண்ணைக் கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், கொடுக்கும் ரசீதிலும் காட்டவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகளில் எழுதப்பட்டிருக்கிற கடமை.

இன்னொரு ஜுர வழக்கு, ஹைதராபாத்திலிருந்து வந்தது. கிளினிக்கைப் பற்றியதன்று, ஒரு தனியார் மருத்துவமனையைப் பற்றியது. ஆயினும் அதன் பலன் குடும்ப வைத்தியர்மேல் புகார் செய்கிறவருக்கே அதிகம். விட்டுவிட்டு வரும் ஜுரத்தோடும் குளிரோடும் தம் மனைவியை 2002 ஜூலையில் அங்கே சேர்த்த கணவர், மலேரியாத் துறையிலேயே உத்தியோகம் பார்த்தவர்! அந்த அம்மையாருக்கு டைபாய்டு என்று சிகிச்சை நடந்தது, நான்கு நாள் கழித்து உயிர் ஊசலாடும் நிலையில் வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டைபாய்டுப் பரிசோதனை இல்லை என்றும் மலேரியாப் பரிசோதனை உண்டு என்றும் தெரியவந்தது, அவர் பிழைக்கவில்லை. மாவட்ட மன்றம் இரண்டு லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்ல, நிபுணர் சாட்சியம் இல்லை என்ற காரணத்தால் மாநில ஆணையமும் தேசிய ஆணையமும் அதை ரத்துச் செய்தன. 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கிஷன் ராவ் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில் மாவட்ட மன்றத்தின் முடிவையே நிலைநிறுத்திற்று: தவறு பார்த்த மாத்திரத்திலே தெரிகிற இடத்தில் நிபுணர் வந்து சொல்லவேண்டியதில்லை, சிக்கலான வழக்குகளில் மட்டுமே அது வேண்டும். ஒரே ஊரில், ஒரே சங்கத்தில் இருக்கும் ஒரு டாக்டரின் பிழையை இன்னொரு டாக்டர் கூண்டில் ஏறிச் சொல்லத் தயங்குவார் என்பது உலகறிந்த விஷயம். அந்தத் தயக்கத்தையே நோயாளியின் தோல்வியாக மாற்றக்கூடாது என்று இந்தத் தீர்ப்புச் சொல்வதாகவே நான் கொள்கிறேன்.

இந்த வழக்குகளுக்கெல்லாம் கதவைத் திறந்த 1995ஆம் ஆண்டுத் தீர்ப்போடு நம் மாநிலத்துக்கு ஒரு தொடர்பு உண்டு. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், வைத்தியர் செய்வது அச்சட்டத்தில் வரும் 'சேவை'யா என்ற விவாதம் எழுந்தது. நோயைக் கண்டறிதலும் சிகிச்சை செய்தலும் அந்தச் சொல்லுக்குள் வாரா என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அப்படியே நின்றிருந்தால், தமிழ்நாட்டு நோயாளிக்குச் சிவில் கோர்ட்டைத் தவிர வேறு போக்கிடம் இருந்திராது. 1995 நவம்பர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வி.பி. சாந்தா வழக்கில், வைத்தியருக்கும் நோயாளிக்கும் உள்ளது எஜமானன் சேவகன் உறவன்று, ஆகவே சட்டம் விலக்கிவைத்த 'சொந்தப் பணி' என்ற வகையில் அது சேராது என்று தீர்மானித்துச் சென்னைத் தீர்ப்பை மாற்றிற்று. எல்லாருக்கும் இலவசமாகவே வைத்தியம் செய்கிறவர்மேல் இச்சட்டத்தின்கீழ் வரமுடியாது. ஆனால் இயன்றவரிடம் வாங்கிக்கொண்டு இயலாதவருக்குச் சும்மா செய்கிறவரிடம், பணம் கொடாத அந்த ஏழையும் நுகர்வோரே. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று அனுப்பிவைக்கப்பட்டவரும் கேட்கலாம். 2019ஆம் ஆண்டின் புதுச் சட்டத்தில் மருத்துவம் என்ற சொல் வெளிப்படையாக இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு வைத்தியர் தரப்பு மீண்டும் முயன்றது. 2022ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பிறகு 2024 மே மாதம், வக்கீல்களைப் பற்றிய ஒரு வழக்கில் சாந்தா தீர்ப்பையே மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று இரு நீதிபதிகள் சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பரில் மூவர் அடங்கிய அமர்வு அதற்கு அவசியமில்லை என்று முடித்தது. முப்பது வருஷமாகியும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

எங்கே போவது என்பதில் நம் ஜனங்கள் முதலில் நினைப்பது போலீஸ் ஸ்டேஷனைத்தான். துக்கத்தின் வேகத்தில் அது இயல்பு. ஆனால் பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அது பலன் தராத வழி. ஜேக்கப் மாத்யூ தீர்ப்பின்படி, கிரிமினல் குற்றமாவதற்குச் சாதாரண அஜாக்கிரதை போதாது, மிகக் கொடிய அஜாக்கிரதை வேண்டும். வழக்குத் தொடுக்குமுன் வேறொரு வைத்தியரின், கூடுமானால் அரசாங்க வைத்தியரின், நடுநிலையான அபிப்பிராயத்தைப் பெறவேண்டும். டாக்டரைச் சும்மா கைதுசெய்துவிடக் கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமும், பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று தனியாகச் சொல்கிறது. டாக்டரைச் சிறைக்கு அனுப்புவதால் அனாதையான குழந்தைகளின் பள்ளிச் சம்பளம் கட்டப்படுவதில்லை என்பதையும் நினைக்கவேண்டும்.

மாநில மருத்துவக் கவுன்சில் இரண்டாவது இடம். சென்னையிலுள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து ஒரு காலத்துக்கோ நிரந்தரமாகவோ பெயரை நீக்கலாம்; நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்ல அதற்கு அதிகாரமில்லை. புகாரை ஆறு மாதத்துக்குள் முடிவுசெய்ய வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. முன்பு முடிவில் திருப்தியில்லாத எவரும் மேல்முறையீடு செய்யலாம் என்றிருந்தது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டமோ மேல்முறையீட்டு உரிமையை வைத்தியருக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, முறையிட்ட குடும்பத்தைப் பற்றி மௌனமாக இருக்கிறது. இது பெருங்குறை, திருத்தப்படவேண்டியது.

மூன்றாவதான மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே குடும்ப வைத்தியரின் விஷயத்தில் தகுந்த இடம் என்று தயக்கமின்றிச் சொல்வேன். இப்போதைய சட்டத்தில், எந்த ஆணையத்துக்குப் போவது என்பது நாம் கேட்கும் நஷ்ட ஈட்டைப் பொறுத்ததன்று, நாம் கொடுத்த கட்டணத்தைப் பொறுத்தது. ஐம்பது லட்சம் வரை கொடுத்திருந்தால் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சத்துக்குட்பட்ட கட்டணத்துக்குப் புகார்க் கட்டணமே இல்லை. கிளினிக்கில் நூறு ரூபாய் கொடுத்தவர், பல லட்சம் கேட்டாலும், காசு செலவில்லாமல் தாம் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே கேட்கலாம். வக்கீல் வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம், தாமே பேசலாம். இறந்தவரின் வாரிசும் கேட்கலாம். இரண்டு வருஷக் கெடுவை மட்டும் மறந்துவிடக் கூடாது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிப்பார்கள் என்றாலும், அதை நம்பிச் சும்மா இருப்பது ஆபத்து. வைத்தியர்களுள் பலர் இதற்கென்றே காப்பீடு எடுத்திருக்கிறார்கள். ஆகவே, நமக்குக் கிடைக்கும் தொகை அவர் வீட்டு அடுப்பை அணைத்து வருவதாகத்தான் இருக்கும் என்று அஞ்சவேண்டுவதில்லை.

தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. புனா வழக்கில் மகனை இழந்த தகப்பனாருக்குக் கிடைத்தது மூவாயிரம் ரூபாய். பம்பாய் விதவைக்கு மூன்று லட்சம். கல்கத்தாவில் 1998ஆம் ஆண்டு ஒவ்வாமை நோய்க்கு அளவுமீறி ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டு இறந்த பெண்மணியின் கணவருக்கு 2013ஆம் ஆண்டு, வட்டி நீங்கலாக, சுமார் ஆறு கோடி. கணவரும் மனைவியும் அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள் என்பது கடைசித் தொகையை நிர்ணயித்ததில் பங்குகொண்டது. இந்த எண்களைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. முதல் வழக்கில் மரணத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே பதினைந்து வருஷம். கல்கத்தா வழக்கிலும் அதே பதினைந்து வருஷம். முன்னது சிவில் கோர்ட்டில் நடந்தது; பின்னதோ, மூன்று மாதத்தில் முடிக்கவேண்டும் என்று எழுதியிருக்கிற நுகர்வோர் சட்டத்தின்கீழ் நடந்தது. மகனுக்காகப் போராடத் தொடங்கும் தகப்பன் கிழவனாகித்தான் தீர்ப்பைக் கேட்கவேண்டும் என்றால், அதை நிவாரணம் என்று முழுமனத்தோடு சொல்ல எனக்கு நா எழவில்லை.

தாமதத்தை நீதிபதிகளும் அரசாங்கமும் குறைக்கட்டும். காகிதமில்லாமையை நாமும் வைத்தியர்களும்தாம் நீக்கவேண்டும். 2002ஆம் ஆண்டின் விதிகள், உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று வருஷம் காக்கச் சொல்கின்றன. ஆவணங்களைக் கேட்டால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்கின்றன. மாலைக் கிளினிக்கில் வந்துபோகும் வெளிநோயாளிக்கு இன்ன ஆவணத்தை இத்தனை காலம் வைத்திரு என்று அவை சொல்லவில்லை. தினந்தோறும் தமிழ்நாட்டில் மருந்துண்ணும் ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வெளிநோயாளிகளே. அவர்களுக்கும் அந்த விதி விரிவாக்கப்பட வேண்டும். கிளினிக்கில் எண்ணிக் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரும், போடும் ஒவ்வோர் ஊசியின் பெயரும் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். நேர்மையான டாக்டருக்கு இது பாதுகாப்பே. தாம் செய்தது சரி என்று காட்ட அவருக்கும் அதைவிட வேறு சாட்சி இல்லை.

சட்டம் திருந்தும் வரையில் வாசகர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இன்று மாலை 'நம்ம டாக்டர்' உங்கள் வீட்டுக் குழந்தைக்கு மருந்து மடித்துக் கொடுக்கும்போது, 'சார், மருந்துப் பேரை ஒரு சீட்டிலே எழுதிக் கொடுத்துடுங்க. தேதியும் போட்டு ஒரு கையெழுத்தும் போட்டுடுங்க' என்று மரியாதையாகக் கேளுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். இரண்டையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.